ஆள் இருந்த டாக்சியில் ஏறினேன்

என் மகன் வேடியப்பன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தான். மார்கழியில் சாரத்திலிருந்து விழுந்தான். வலது கால் முறிந்தது. கட்டுப் போட்டார்கள். எலும்பு கூடவில்லை. உள்ளே சீழ் பிடித்துவிட்டது.

எண்பதுகளில் நடந்தது இது. எங்கள் ஊர் ஜவ்வாது மலை மேலே, நெல்லிவாசல்நாட்டில். சாமையும் புளியும்தான் பிழைப்பு. போன் கிடையாது. அவனோடு வேலைக்குப் போயிருந்த படவேட்டு முருகேசன் ஊர் திரும்பினான். மலையேறி வந்து சொன்னான்.

"மாமா, இன்னொரு தபா காலைத் தொறந்து சுத்தம் பண்ணணுமாம். வுட்டா காலையே எடுக்கணுமாம். இவன் இன்னாடான்னா, அப்பா வந்தாத்தான் கத்தி வெக்க வுடுவேன்றான். சோறும் சரியா துன்றதில்ல."

என் மனைவி பூங்காவனம் கேட்டுக்கொண்டு நின்றாள். நான் எழுந்து காட்டுப் பக்கம் போய் அழுதேன். மலையில் கால் இல்லாதவன் என்ன செய்வான்? மரம் ஏற முடியாது. ஏர் பிடிக்க முடியாது. குடிக்கிற தண்ணீருக்குக்கூட ஓடைக்கு இறங்கி ஏற முடியாது.

வேலை கொடுத்த முதலாளி டிக்கெட் அனுப்பினார். பாஸ்போர்ட்டும் அவருடைய ஆட்களே எடுத்துக் கொடுத்தார்கள். அதற்குள் பங்குனி ஆகிவிட்டது. நான் போய் இறங்கும் அன்றே பகலில் ஆபரேஷன் என்று வைத்திருந்தார்கள். அதைத் தவறவிட்டால் கால் போய்விடும் என்றார்கள்.

கிளம்பும் முன் மலையடிவாரத்துப் படவேட்டு அம்மனிடம் போனோம். "தாயே, அவன் உன் வாசலுக்கு நடந்து வரணும்" என்று மட்டும் வேண்டினேன். திருநீற்றை வேட்டி முனையில் முடிந்துகொண்டேன். பூங்காவனம் ஒரு துணி மூட்டையைக் கையில் கொடுத்தாள். அந்த வருஷம் உலுக்கிய புதுப் புளி.

"சிங்கப்பூருக்குப் புளியா?" என்றேன்.

"புள்ளையப் பாக்க கைய வீசிகினா போவ? எடுத்துகினு போ. கனமா இருந்தா தலையில வெச்சிக்கோ."

வெறுங்கையோடு யாரையும் பார்க்கப் போவது எங்கள் மலையில் வழக்கமில்லை. எடுத்துக்கொண்டேன்.

விமானம் இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. மகனுடைய மேஸ்திரி வந்து கூட்டிப் போவார் என்று சொல்லியிருந்தார்கள். வரவில்லை. அவர் வந்த லாரி வழியில் நின்றுபோனது பிறகுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பயம் வந்துவிட்டது. வெளியே வரிசையாக டாக்சிகள் நின்றன.

எனக்குத் தெரிந்த வண்டி மலை ஜீப் ஒன்றுதான். கை காட்டினால் நிற்கும். எத்தனை பேர் இருந்தாலும் இன்னும் ஒருவருக்கு இடம் உண்டு. ஆள் நிறையாமல் கிளம்பாது. அதே நினைப்பில் டாக்சியில் ஏறினேன். மற்றவர்களுக்கு இடம் விட்டு ஓரமாக நகர்ந்துகொண்டேன். மூட்டை மடியில்.

ஓட்டுநர் சீனர். திரும்பி ஏதோ கேட்டார்.

"ஆளுங்க வரட்டும்" என்றேன்.

மறுபடி கேட்டார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். யாரும் ஏறவில்லை. அவ்வளவு பெரிய வண்டி எனக்கு ஒருவனுக்குத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. வெட்கமாகப் போயிற்று. "ஆஸ்பத்திரி" என்றேன். கையில் ஊசி குத்துவது போலக் காட்டினேன். தலையாட்டினார்.

ஆஸ்பத்திரிக்குப் பெயர் வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் ஜீப்காரரிடம் ஆஸ்பத்திரி என்றால் போதும். அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்த ஊரில் பல இருந்தன. டாக்சிக்காரர் ஒன்றில் இறக்கிவிட்டு, முதலாளியின் ஆட்கள் செலவுக்குத் தந்திருந்த நோட்டில் ஒன்றை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே போய் மகன் பெயரைச் சொன்னேன். அவர்களுக்குப் புரியவில்லை. என் காலைத் தொட்டுக் காட்டினேன். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, ஒருவர் என் முழங்காலை அமுக்கிப் பார்த்தார். பிறகு தமிழ் தெரிந்த யாரையோ தேடிப் போனார்கள் போல. எனக்கு இருக்க முடியவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

ரோட்டோரம் உட்கார்ந்தேன். உச்சி வெயில் நெருங்கிக்கொண்டிருந்தது. மகன் இதே ஊரில் எங்கேயோ இருக்கிறான். எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. வேட்டி முனையை அவிழ்த்துத் திருநீற்றை எடுத்து நெற்றியில் வைத்தேன்.

"தாயே, எனக்கு வாய் இல்ல. வழி சொல்ல ஒரு ஆளை வுடு."

எழுந்து நின்று, மலையில் காட்டுவது போலக் கை காட்டினேன். நாலைந்து வண்டிகள் போய்விட்டன. ஒரு டாக்சி சிவப்பு விளக்குக்காக என் பக்கத்தில் நின்றது. எனக்காகத்தான் நின்றது என்று நினைத்தேன். முன் கதவைத் திறந்து ஏறிவிட்டேன். பின்னால் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். ஜீப்பில் ஆள் இருப்பது வழக்கம்தானே. கும்பிடு போட்டேன்.

ஓட்டுநர் கத்தினார். அந்த அம்மாவும் கத்தினார். தமிழில் கத்தினார்.

"யோவ், யாருய்யா நீ? எறங்கு! இது நான் எடுத்த டாக்சி!"

திட்டுதான். ஆனாலும் தமிழ். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"கோவிச்சிக்காதம்மா. ஒரு ஓரமா குந்திகினு வர்றேன்."

"ஓரமா குந்துறதுக்கு இது என்ன மாட்டு வண்டியா?"

ஓட்டுநர் மூக்கைப் பிடித்துக்கொண்டு என் மூட்டையைக் காட்டினார். அந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

"என்னது அது? புளியா?"

"மலைப் புளிம்மா. எம்மவனுக்கு. ஆஸ்பத்திரியில கெடக்கறான். எந்த ஆஸ்பத்திரின்னு தெரியல."

அவர் கத்துவதை நிறுத்தினார்.

"கால் ஒடைஞ்ச பையனா? வேடியப்பனா?"

தலையை ஆட்டினேன்.

"அடப்பாவி! நான் கொண்டு போற ரசத்தை ஒரு வாய் வெச்சிட்டு, 'இது ரசமாக்கா? எங்க மலைப் புளி வரட்டும், அப்பறம் பாருங்க'ன்னு தெனமும் வம்பு பண்றானே, அவன் அப்பாவா நீங்க?"

அவர் பெயர் பாக்கியம். வேடியப்பன் இருந்த ஆஸ்பத்திரியில் சமையலறை வேலை. எப்போதும் பஸ்ஸில் போகிறவர். அன்றைக்கு பஸ்ஸைத் தவறவிட்டதால் டாக்சி எடுத்தாராம். தவறவைத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

அவர் ஓட்டுநரிடம் என்னவோ சொன்னார். வண்டி பறந்தது. ஆஸ்பத்திரி வாசல் வந்ததும், ஜீப்பில் இறங்கத் தட்டுவது போல, ஜன்னல் வழியே கையை விட்டுக் கதவை வெளிப்பக்கம் ஓங்கித் தட்டினேன். ஓட்டுநருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிரேக் அடித்தார்.

"வண்டிய ஒடைச்சிடாதீங்க ஐயா! புளி குடுத்தாலும் அவர் சும்மா விட மாட்டாரு" என்று பாக்கியம்மா சிரித்தார். ஓட்டுநரும் சிரித்துவிட்டார்.

ஓடினோம். மகனைத் தள்ளுகட்டிலில் ஏற்றி வைத்திருந்தார்கள். இவன் பக்கத்துக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, வரமாட்டேன் என்று கிடந்தான்.

"அப்பா! எப்பிடி வந்த?"

"டாக்சில. முன்னாடியே ஆள் இருந்துச்சி. ஏறிட்டேன்."

அந்த நிலையிலும் சிரித்தான். திருநீறு வைத்தேன். "போய்ட்டு வா" என்றேன். கம்பியை விட்டான்.

கால் பிழைத்தது. சில நாள் கழித்து பாக்கியம்மா எங்கள் புளியில் ரசம் வைத்துக் கொண்டுவந்தார். "இதான்க்கா ரசம்" என்று இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான்.

ஊர் திரும்பி, அடுத்த வருஷம் ஆடியில் அம்மன் வாசலுக்கு மலையிலிருந்து நடந்தே இறங்கினோம். வழியில் ஜீப்காரர் நிறுத்தி, "ஏறு வேடி, எடம் இருக்குது" என்றார். "இன்னிக்கி வாணாண்ணா, கால் இருக்குது" என்றான். பூங்காவனம் அழுதுகொண்டே சிரித்தாள்.

நான் அதிகம் பேசாதவன். இப்போது ஜீப்பில் வெளியூர் ஆள் யார் ஏறினாலும், எங்கே போகணும் என்று நானே கேட்கிறேன். இறங்கி வழியும் காட்டுகிறேன். அம்மனுக்கு என்னால் ஆனது அவ்வளவுதான்.

சொந்தங்களே, உங்களுக்கும் வழி தெரியாத ரோடு வரும். உட்கார்ந்துவிடாதீர்கள். அவளைக் கூப்பிட்டுக் கை காட்டுங்கள். கதவைத் திறந்து ஏறிவிடுங்கள். முதலில் திட்டு விழலாம். பயப்படாதீர்கள். உள்ளே இருப்பது அம்மாதான்.