பேருந்தில் போன ஒரே வீடு

வீட்டுக்குள் அடிபடும் பெண்களைப் பற்றிப் பல வருடம் ஆராய்ந்து சின்னவள் டாக்டர் பட்டம் வாங்கினாள். விருந்து வைத்தது அக்காவின் கணவர். வைக்காமல் இருப்பாரா? அவள் ஏறி இறங்கிய வீடுகளுக்கெல்லாம் காரில் கூட்டிப் போய், வாசலில் காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விட்டவர் அவர்தான். "அத்தான் இல்லாமல் இந்த ஆய்வு இல்லை" என்று முதல் பக்கத்திலேயே அவள் நன்றி எழுதியிருந்தாள்.

"நானும் பாதி டாக்டர்தாங்க. ஊசி மட்டும் போடமாட்டேன்," என்று அவர் சொல்ல, கூடமே சிரித்தது.

பட்டம் வாங்கிய பிறகு சின்னவளுக்கு ஒரு தொல்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் கண் சும்மா இருப்பதில்லை. கணவன் செருமினால் மனைவி பேச்சை நிறுத்துகிறாளா, அவள் கைபேசி யார் பையில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். "உனக்குக் காமாலைக் கண்ணுடி," என்பாள் அம்மா. அக்கா வீட்டில் மட்டும் அந்தக் கண்ணை அவள் திறந்ததில்லை. அத்தான் ஆயிற்றே.

தட்டுகளைக் கழுவ இருவரும் அடுக்களைக்குப் போனபோது அக்கா குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள். ஆனால் தட்டை அதன் அடியில் காட்டவில்லை.

பேச்சு வெளியே கேட்காமலிருக்க இப்படித்தான் குழாயைத் திறப்போம் என்று எத்தனை பெண்கள் சின்னவளிடம் சொல்லியிருக்கிறார்கள்!

"நீ வீடு வீடா போய்க் கேட்டதெல்லாம் இங்கயும் நடக்குதுடி," என்றாள் அக்கா, உதடு அசையாமல். "எப்ப வந்தாலும் அவரோடதான் வர்ற. உன்கிட்ட எப்படிச் சொல்றது? என்னைக் கூட்டிட்டுப் போயிடு. எல்லாரும் கிளம்பினதும்..."

அத்தான் உள்ளே வந்து, ஒரு சொட்டுகூட விழாதபடி குழாயை மூடினார்.

"தண்ணி வீணாகுது பாரு," என்றார். பிறகு சின்னவளைப் பார்த்துப் புன்னகைத்தார். "அஞ்சாவது அத்தியாயம், இல்லையா டாக்டரம்மா? ரெண்டு தடவை படிச்சேன். பையை எங்க ஒளிச்சு வைப்பாங்க, எந்த நேரத்துல கிளம்புவாங்க... எல்லாம் உங்க புண்ணியத்துலதான் தெரிஞ்சுகிட்டேன்."

அவர் கூடத்துக்குத் திரும்பினார். கதவை மூடவில்லை.

எங்கே கூட்டிப் போவது? புகலிட இல்லத்தின் வாசலில் அவர் கார் நின்றிருக்கிறது. உதவி மையத்தின் காவலாளியோடு தேநீர் குடித்திருக்கிறார். வக்கீல் வீட்டு நாய்கூட அவரைக் கண்டால் வாலாட்டும். அவளுக்குத் தெரிந்த கதவெல்லாம் அவருக்கும் தெரியும்.

ஒன்றைத் தவிர. வாய்மொழித் தேர்வில் ஒரு பேராசிரியை கடுகடுவென்று கேட்டார்: "அங்கெல்லாம் உன்னைக் கூட்டிட்டுப் போனது யாரு?" அவள் பெருமையாக, "எங்க அத்தான், மேடம்," என்றாள். அந்த அம்மாளின் முகம் இன்னும் இறுகியது. திருத்தங்களை வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார். அன்று அத்தானின் கார் பட்டறையில் இருந்ததால் அவள் பேருந்தில் போனாள்.

கணவன் இல்லாத நேரத்தில், பையோடு, பின்வாசல் வழியே பெண்கள் போவார்கள் என்றுதான் அவள் எழுதியிருந்தாள். அக்காவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, வெறுங்கையோடு, விருந்தாளிகள் நடுவே வந்தாள்.

"நாங்க கொஞ்சம் வெளிய போயிட்டு வர்றோம்."

அத்தான் எழுந்தார். கையில் கார் சாவி. "வாங்க, நான் கொண்டு விடறேன்."

"வந்தவங்களை விட்டுட்டா?" என்றாள் அக்கா. அவள் அவரை எதிர்த்துப் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை.

பெரியப்பா அவர் தோளைப் பிடித்து அழுத்தினார். "உக்காருங்க மாப்பிள்ளை. அக்கா தங்கச்சிக்குள்ள ஆயிரம் இருக்கும்."

அத்தானின் சிரிப்பு அப்படியே இருந்தது. சாவி மட்டும் விரல்களுக்குள் மறைந்தது.

பேருந்தின் பின்கண்ணாடியில் தெரிந்த ஒவ்வொரு வெள்ளைக் காரும் அவருடையதாகவே பட்டது. அக்காவின் காலில் வீட்டுச் செருப்பு.

"யார் வீட்டுக்குடி?"

"ஒரு கோவக்கார அம்மா. என்னைக் கண்டாலே ஆகாது."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது.

பேராசிரியை கதவைத் திறந்தார். அக்காவின் செருப்பைப் பார்த்தார். "வண்டி ஓட்டினவரா?"

சின்னவள் தலையாட்டினாள். இருவரையும் உள்ளே இழுத்து அவர் தாழ்ப்பாளைப் போட்டார்.

"நன்றிப் பக்கத்துல என் பேரைப் போட்டிருக்கியா?"

"இல்ல மேடம். உங்க மேல கோவமா இருந்தேன்."

"ரொம்ப நல்லது," என்றார்.

தெருவில் ஏதோ ஒரு கார் வேகம் குறைத்தது. அது கடந்து போகும்வரை மூவரும் மூச்சுவிடாமல் நின்றார்கள்.