படுத்தால் போகும் தலைவலி

சட்டைக் கம்பெனியில் அவர் பெயர் யாருக்கும் நினைவில்லை. ‘மாஸ்டர்’ என்றால் போதும். துணியை அடுக்கடுக்காக விரித்து மின்கத்தியால் வெட்டுகிற வேலை. நாள் முழுக்க நின்றால்தான் நடக்கும். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டார். முதுகில் மரத்துப்போகிற ஊசி போட்டார்கள். புண் ஆறிவிட்டது, தலைதான் போயிற்று. எழுந்து நின்றால் பிடரியிலிருந்து நெற்றிவரை பிளக்கும். படுத்தால் விளக்கை அணைத்த மாதிரி வலி நின்றுவிடும்.

இப்படியொரு வலியை ஆயுள் முழுக்கத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாத ஏற்பாடு கம்பெனி டாக்டரிடம் இருந்தது. வருகிறவர்களை நர்ஸ் முதலில் கட்டிலில் படுக்கவைத்துவிட வேண்டும். ஐயா போனில் அரட்டையை முடித்துக்கொண்டு சாவகாசமாக வருவார்.

“இப்ப வலிக்குதா?”

“இல்ல சார். ஆனா எந்திரிச்சா...”

“இப்ப வலிக்குதான்னுதான்யா கேட்டேன்.”

“இல்ல சார்.”

“அப்புறம் என்ன? வேலைக்குப் போ.”

எத்தனை முறை போனாலும் அதே கட்டில், அதே கேள்வி. நோயாளியை ஒருமுறை நிற்கவைத்துப் பார்க்கலாம் என்பது அவ்வளவு பெரிய படிப்பில் எந்தப் பக்கத்திலும் இல்லை போலிருக்கிறது.

மேனேஜருக்கோ கொண்டாட்டம். “படுத்தா சரியாப் போற வியாதி எனக்கும் இருக்கு மாஸ்டர். காலைல அலாரம் அடிச்சா வரும்.” தன் நகைச்சுவைக்குத் தானே குலுங்கிச் சிரித்துவிட்டு, “திங்கக்கிழமை வந்து நிக்கலன்னா உங்க மேசை என் மச்சினனுக்கு” என்றார். சட்டைக்கு இரண்டு கைகளையும் இடது கையாகவே வெட்டித் தள்ளிய மகானுபாவன் அந்த மச்சினன்.

மாஸ்டரின் மனைவிக்குப் பொறுமை போயிற்று. “அந்தாளு வைத்தியம் பாக்குறாரா, தாலாட்டுப் பாடுறாரா? முதுகுல ஊசி போட்டவங்ககிட்டயே போவோம், எந்திரிங்க.”

ஊசி போட்ட டாக்டரம்மா அவரை நேராக உட்காரவைத்தார். அவர் முகம் கோணுவதைச் சற்று நேரம் பார்த்தார்.

“படுத்தா போயிடுது, காது அடைக்குது. சரியா?”

“ஆமாங்கம்மா.”

“இவ்வளவு நாளா ஏன் வரல?”

“எல்லாரும் நடிப்புன்னாங்க.”

“ஊசி போன ஓட்டை மூடல. மூளையையும் தண்டுவடத்தையும் சுத்தி இருக்குற தண்ணி அது வழியா கசியுது. நின்னா அழுத்தம் கொறஞ்சு தலை இழுக்குது. ஓய்வு, காபி, மாத்திரை எல்லாம் பாத்தாச்சா?”

“பாத்தாச்சு.”

“அப்போ உங்க கையிலருந்தே ரத்தம் எடுத்து, அந்த ஓட்டைக்கு வெளிப்பக்கமா போட்டுடலாம். உறைஞ்சு அடைச்சுக்கும்.”

“மறுபடி முதுகுலயா?” மாஸ்டர் வாசலைப் பார்த்தார்.

“பஞ்சர் ஒட்டுறாங்க, அவ்வளவுதான். பேசாம திரும்பிப் படுங்க” என்றார் மனைவி. டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

ஊசிக்குப் பிறகு அசையாமல் படுத்திருந்து, பயந்து பயந்து எழுந்தார். ஜன்னலோரம் நின்று, வரவேண்டிய வலிக்காகச் சந்தேகத்தோடு காத்திருந்தார். வரவில்லை. கொஞ்ச நாள் குனியாமல், கனம் தூக்காமல் இருக்கச் சொல்லி அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை மேசை முன்னால் நின்றார்.

“என்ன மாஸ்டர், நடிப்பு முடிஞ்சுதா?” என்றார் மேனேஜர்.

“முடிஞ்சுது சார். கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. துணி உருளைய எடுத்து வைக்க ஒரு ஆளு வேணும். உங்க மச்சினன் சும்மாதானே நிக்குறாரு?”

மேனேஜர் வெட்டாமல் கிடந்த துணிக் குவியலைப் பார்த்தார். பிறகு மச்சினனைப் பார்த்தார்.

“போடா, போய் தூக்கு.”