பெயரை முன்னமே எழுதியவர்

உலகிற்கு அடித்தளம் இடப்படுமுன்னே எங்களை நினைந்தவரே, நாங்கள் வாய் திறந்து அழைக்குமுன்னே எங்கள் பெயரைச் சொல்லி அழைத்தவரே, தேடாதவரையும் தேடி வந்த பேரருளே, உமக்கே துதி. உம்முடைய ஊழியர் ஒருவரைக் குறித்துச் சில சொல் எழுதப் புகுகின்றேன். மிகைபடச் சொல்லாமலும் குறைபட விடாமலும் இந்தக் கையை நடத்தியருளும்.

சென்ற மாதத்துச் சனிக்கிழமையொன்றில், காலை மழை இன்னும் விடாதிருந்த வேளையில், கொட்டாஞ்சேனைக் கோயிலில் மணியடிப்பவர் வெள்ளவத்தையிலுள்ள என் வீட்டுப் படியில் நனைந்தபடி வந்து நின்றார். குடையை மடக்காமலே சொன்னார்: "அய்யா, உபதேசியார் போயிட்டாருங்க. சட்டையைப் போட்டுக்கிட்டு, புஸ்தகத்தை எடுத்து அக்குள்ல வச்சுக்கிட்டு, செருப்பை மாட்டக் குனிஞ்சாரு. அவ்வளவுதான்."

என் வாயிலிருந்து முதலில் புறப்பட்ட கேள்வி எனக்கே வெட்கமாயிருந்தது. "புத்தகம் எங்கை?" என்று கேட்டேன். உபதேசியார் செல்லத்துரையை அறிந்த சபையார் இந்தக் கேள்வியை மன்னிப்பார்கள். அறியாதவர்களுக்கு அந்தப் புத்தகம் இன்னதென்று சொல்ல வேண்டும்.

எங்கள் சபையில் மாதத்துக்கொருமுறை திருவிருந்து. அதில் பங்குபெறுவோர் முந்திய நாளே உபதேசியாரிடம் பெயர் கொடுக்க வேண்டுமென்பது பழைய வழக்கம். துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறவர்களும் கரி கொட்டுகிறவர்களும் பெயர் கொடுக்கக் கோயிலுக்கு வர அவகாசமில்லாதவர்கள். ஆகவே உபதேசியாரே ஒரு கறுத்த அட்டைப் புத்தகத்துடன் கொட்டாஞ்சேனைச் சந்துகளில் தொடங்கி முகத்துவாரம் வரை நடப்பார். அவருடைய தந்தை திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து அதே துறைமுகத்தில் தோள் தேய்ந்தவர். மகன் கொட்டாஞ்சேனையில் பிறந்து, சபையின் செலவில் படித்து, உபதேசியாரானவர். நானோ யாழ்ப்பாணத்துப் பண்டிதர்களிடம் இலக்கணம் கேட்டு, கொழும்பில் தமிழாசிரியனாய் அமர்ந்து, சபை மூப்பனுமானவன். எங்கள் இருவருக்கும் வயது ஒன்றே. ஆயினும் அவர் என்னை அய்யா என்றார். நான் அவரை நீர் என்றேன். அந்நாளில் அது எனக்கு உறுத்தவில்லை.

ஒருமுறை அவருடன் முகத்துவாரத்துக்குப் போனேன். குழாயடியில் குடத்துடன் நின்ற செல்லம்மா என்னும் பெண், எங்களைக் கண்டதும் கையை ஆட்டினாள். "என் பேரு வேணாம் உபதேசியாரே. நேத்துத்தான் பக்கத்து வீட்டுக்காரியோட இங்கேயே கட்டிப் புரண்டேன்."

"யாரு ஜெயிச்சது?"

"நான்தான்!"

"அப்போ நீதான் முதல்ல போய்ப் பேசணும். போய்ப் பேசிட்டு நாளைக்கு வா. உன் பேரு இருக்கு."

அவள் முகம் கோணிச் சிரித்தது. எனக்கோ மனம் கோணிற்று. இப்படியா திருவிருந்துக்கு ஆயத்தம் செய்வது என்று வழிநெடுக அவரைக் கடிந்தேன். அவர் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தபடி கேட்டுக்கொண்டே வந்தார்.

அக்காலத்தில் ஞாயிறு மாலைகளில் நான் ஒரு வேதவகுப்பு நடத்தினேன். கடவுள் தம் சித்தத்தின்படி சிலரைத் தெரிந்துகொள்கிறார் என்பதும், தெரிந்துகொண்டவரை நீதிமான்களாக்குகிறார் என்பதும், நீதிமான்களாக்கினவரை முடிவுபரியந்தம் காக்கிறார் என்பதும் எனக்கு மிகவும் இனித்த பொருள்கள். ஆனால் நான் அவற்றைப் போதித்த முறை வேறாயிருந்தது. தெரிந்துகொள்ளப்பட்டவனுக்கு ஏழு அடையாளங்கள் உண்டென்று வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வெண்பா இயற்றி, எதுகை மோனை பிசகாமல் பாடிக்காட்டினேன். ஏழாம் அடையாளம், ஆபத்தில் அசையாதிருத்தல். பாடி முடித்ததும் பின்வரிசை வாங்குப் பலகையிலிருந்து உபதேசியார் எழுந்தார்.

"பாட்டு ரொம்ப நல்லா இருக்குங்க அய்யா. கேக்கக் கேக்க எனக்குத்தான் பயமா இருக்கு. எங்க அப்பா ஊர்ல ஆட்டுக்கு அடையாளம் காதுலதான் போடுவாங்களாம். ஆடு தன் காதைத் தானே பார்க்க முடியாதுங்களே. அது மேய்க்கிறவருக்குத்தானே தெரியும்?"

வகுப்பு சிரித்தது. "நாங்கள் இங்கை ஆட்டைப் பற்றிக் கதைக்கேல்லை, உபதேசியார்," என்றேன். அவர் தலையசைத்து அமர்ந்தார்.

அந்த ஆண்டிலேயே சபைச் சங்கத்தில் ஒரு விதியைக் கொண்டுவந்தேன். தொடர்ந்து மூன்று திருவிருந்துக்குப் பெயர் கொடாதவர் சபையின் பெயர் இடாப்பிலிருந்து நீக்கப்பட வேண்டும். களையும் பயிரும் கலந்து கிடக்கலாகாது என்று நீளப் பேசினேன். விதி நிறைவேறிற்று.

இனி எழுதப்போவதை இதுவரை நான் எழுதியதில்லை.

ஜப்பான் விமானங்கள் துறைமுகத்தின்மேல் வந்த அந்த உயிர்த்தெழுந்த ஞாயிற்றுக் காலை, கோயிலில் திருவிருந்து நடந்துகொண்டிருந்தது. போதகர் அப்பம் கொடுத்துச் செல்ல, மூப்பனாகிய நான் திராட்சரசக் கிண்ணத்துடன் பின்தொடர்ந்தேன். பீடத்தின் முன்னே தடுப்பாயுள்ள மரக் கிராதியடியில் சனங்கள் முழந்தாளிட்டிருந்தார்கள். என் மனைவி இராசம்மாவின் முன் நான் வந்தபோது முதல் வெடி கேட்டது. சன்னற் கண்ணாடிகள் கலகலத்தன. இரண்டாம் வெடிக்கு நிலமே அசைந்தது. கிண்ணத்தைக் கிராதியின்மேல் வைத்தது நினைவிருக்கிறது. அதன்பின் நினைவில் இருப்பது என் கால்கள் ஓடியது மட்டுமே.

மாளிகாவத்தையில் ஒரு கடை வாசலில் விழாக்குறையாய் நின்றேன். கடைக்காரரான முஸ்லிம் பெரியவர் ஒருவர் என்னைப் பிடித்து வாங்கில் இருத்தி, தண்ணீர் தந்தார். "இருங்க, மூச்ச எடுங்க. ஒண்டும் ஆகாது," என்றவர், என் வெள்ளை உடுப்பைப் பார்த்துவிட்டு இரக்கத்தோடு கேட்டார்: "தனியாவா வந்தீங்க?"

அந்தக் கேள்விக்கு இன்றளவும் நான் விடை சொல்லவில்லை.

திரும்பிச் சென்றபோது ஆராதனை முடிந்திருந்தது. போதகர் இடத்தைவிட்டு அசையவில்லையாம். நான் விட்டுச்சென்ற கிண்ணத்தை உபதேசியார் எடுத்து, விட்ட இடத்திலிருந்தே, என் மனைவியிலிருந்தே, தொடர்ந்து கொடுத்தாராம். இராசம்மா என்னைக் குறைகூறவில்லை. "நீங்கள் ஓடினதே எனக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டிருந்தனான். குரல் மாறினபடியால் கண்ணைத் திறந்தனான்," என்றாள்.

நாங்கள் வெள்ளவத்தைக்குக் குடிபெயர்ந்தோம். துறைமுகத்துக்கு அஞ்சி என்று ஊரார் எண்ணினார்கள். உண்மையில் அந்தக் கிராதியைக் காண அஞ்சியே பெயர்ந்தேன். என் ஏழாம் வெண்பா என்மீதே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அசையாதவன் தெரிந்துகொள்ளப்பட்டவனென்றால், ஓடினவன் யார்? இவ்வளவு காலமும் நீதிமானென்று நான் கருதியது, வெடிச்சத்தம் கேளாத ஒரு மனிதனின் ஒழுக்கத்தை மட்டுந்தானா? ஒரு மாதம் போயிற்று, இரண்டு போயின, மூன்றும் போயின. திருவிருந்துக்கு முந்திய சனிக்கிழமைதோறும் உபதேசியார் பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வந்தார். நான் அறைக்கதவைச் சாத்திக்கொண்டேன். முடிவில், என் விதிப்படி என் பெயரை அடிக்கும்படி சங்கத்துக்கு நானே கடிதம் எழுதினேன். அது அடிக்கப்படுவதைக் கண்ணால் காண வேண்டுமென்று நேரிலும் போனேன். இடாப்பில் அடிபடும் அந்தக் கோடு மேலுலகத்திலும் அடிபட்டுவிட்டதென்றே நம்பிப் போனேன்.

கூட்டத்தில் போதகர் உபதேசியாரின் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். புரட்டினார். மீண்டும் புரட்டினார். மூன்று மாதத்துப் பட்டியலிலும் முதல் வரியில் என் பெயர் இருந்தது.

"இவர் உம்மிடம் பெயர் கொடுத்தாரா?"

"இல்லீங்க. கதவையே தொறக்கலைங்க."

"பின் எப்படி எழுதினீர்?"

உபதேசியார் கைகட்டி நின்றார். "நான் எப்பவுமே யாரையும் கேட்டு எழுதினதில்லீங்க, போதகர் அய்யா. வெள்ளிக்கிழமை சாயங்காலமே வீட்ல உக்காந்து சபையார் எல்லார் பேரையும் எழுதிருவேன். எழுதிட்டுத்தான் நடப்பேன். போய், உங்க பேரு இருக்கு, வாங்கன்னு சொல்லுவேன். வராதவங்க பேரையும் அடிக்க மாட்டேன். எங்கிட்ட அழிக்கிற ரப்பரும் இல்லீங்க."

இருபது ஆண்டுகளாகச் சபையில் எவரும் அறியாதிருந்த செய்தி இது. அவர் கேட்டு எழுதுகிறார் என்றே எல்லாரும் எண்ணியிருந்தோம். சங்கத்தாரில் ஒருவர், அரசாங்கக் கந்தோரில் வேலைபார்த்து இளைப்பாறியவர், மேசையைத் தட்டினார். "அப்ப, உபதேசியார், ஒரு கள்ளன்ர பேரையும் எழுதிப்போட்டுத்தான் போவீரோ?"

"எழுதுவேங்க. சிலுவையில தொங்கின ஒரு கள்ளன்தானே முதல்ல பரதீசுக்குள்ளே போனான்."

போதகர் புத்தகத்தை மூடி அவரிடமே கொடுத்து, இந்த விதியைப் பற்றி வேறொரு நாள் பேசுவோம் என்றார். அந்த வேறொரு நாள் இதுவரை வரவில்லை.

நான் எழுந்து நடந்தேன். உபதேசியார் பின்னால் வந்து என் முழங்கையைப் பற்றினார். அதற்கு முன் அவர் என்னைத் தொட்டதில்லை. "ஒரு நிமிஷம் வாங்க அய்யா," என்று வெறுமையான கோயிலுக்குள் அழைத்துச் சென்று, கிராதியின் வாசற்காலருகே குனிந்தார். அங்கே மரத்திலிருந்து ஓர் ஆணி விரல் நகமளவு வெளியே நீண்டிருந்தது.

"அன்னைக்கு நானும் ஓடத்தான் பார்த்தேன். நீங்க ஓடினதைப் பார்த்த உடனே நானும் காலை எடுத்துட்டேன். அங்கி இந்த ஆணியில மாட்டிக்கிச்சு. இழுத்தேன், கிழிஞ்சுது, ஆனா விடலை. அதுக்குள்ளே உங்க வீட்டம்மா கண்ணைத் தொறந்து என்னைப் பார்த்துட்டாங்க. அப்புறம் எங்கே ஓடுறது?" அங்கியின் கீழ்விளிம்பைத் தூக்கி, அவருடைய மனைவி கறுப்பு நூலால் இழைத்திருந்த தையலைக் காட்டினார். "சபையெல்லாம் என்னைத் தைரியசாலின்னு சொல்லிக்கிட்டு இருக்கு. நான் நின்னதுக்கு நான் காரணமில்லீங்க. என்னைப் பிடிச்சு வச்சிருந்தாங்க."

"என்ர நீதியெல்லாம் அண்டைக்கே போயிட்டுது, உபதேசியார்," என்றேன்.

"அது உங்களோடதா இருந்தாத்தானே அய்யா போகும்?" என்றார்.

நெடுங்காலம் நான் விரித்துரைத்த போதனை முழுவதையும் அந்த மனிதர் அந்தக் கிழிசலின்முன் எனக்குத் திருப்பித் தந்தார். நீதி எங்களில் விளைவதன்று; எங்கள்மேல் அணிவிக்கப்படுவது. காக்கப்படுதல் எங்கள் பிடியின் வலிமையன்று; எங்களைப் பிடித்திருக்கும் கையின் வலிமை. அந்தக் கை ஆணியை அறிந்த கை. நான் அழுதேன். அவர் கிராதியைத் துடைப்பவர்போல் என் பக்கம் திரும்பாமல் நின்றார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வெள்ளவத்தைக்கு வந்தபோது கதவை நானே திறந்தேன். "உங்க பேரு இருக்குங்க அய்யா," என்றார். "உள்ளை வாருங்கோ," என்றேன். அன்றுமுதல் அவரை நீர் என்று நான் சொன்னதில்லை. மறுநாட் காலை கிராதியடியில் முழந்தாளிட்டபோது இராசம்மா என் காதில் மெல்லச் சொன்னாள்: "இந்த முறை என்ர சேலைத் தலைப்பைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ. ஓடுறதெண்டால் ரெண்டு பேருமாய் ஓடுவம்." விருந்தில் அமர்ந்து சிரித்த பாவத்தையும் கர்த்தர் மன்னித்திருப்பார்.

அவர் மறைந்த அந்தச் சனிக்கிழமை நான் கொட்டாஞ்சேனையை அடைந்தபோது மழை ஓய்ந்திருந்தது. அவருடைய மனைவி அன்னம்மாள் அழுத கண்களோடு எழுந்து, உள்ளே போய், அந்தக் கறுத்த அட்டைப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். "நாளைக்குத் திருவிருந்து அய்யா. நேத்துச் சாயங்காலமே எழுதி முடிச்சுட்டாரு. இதை யாரு கொண்டு போவாங்கன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

நான் கொண்டுபோனேன். அவர் நடந்த சந்துகளில் நடந்தேன். ஒவ்வொரு வாசலிலும் இரண்டு செய்தி சொன்னேன்: உபதேசியார் போய்விட்டார்; உங்கள் பெயரை எழுதிவிட்டே போனார். முகத்துவாரத்தில் செல்லம்மா, தலை நரைத்தவளாய், அதே குழாயடியில் நின்றாள். செய்தி கேட்டுக் குடத்தை இறக்கிவைத்து விம்மினாள். பின் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி கேட்டாள்: "என் பேரும் இருக்கா அய்யா? இன்னைக்குக் காலையிலயும் சண்டை போட்டேனே."

"ஆர் வெண்டது?" என்று கேட்டேன்.

அவள் அழுகையினூடே சிரித்துவிட்டாள்.

பட்டியலின் கடைசி வரியில் அவர் தம் பெயரை எழுதியிருந்தார். அதை நான் அடிக்கவில்லை. அழைப்பு அவருக்கும் உரியதே. அவர் மட்டும் எங்களுக்கு ஒருநாள் முந்தி விருந்தில் அமர்ந்துவிட்டார். புத்தகம் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. புதிய உபதேசியார் வரும்வரை வெள்ளிக்கிழமை மாலையில் நான் எழுதுகிறேன், சனிக்கிழமை நடக்கிறேன். என் ஏழு வெண்பாக்களையும் கிழித்துவிட்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை, பார்க்க முடியாத என் காதும், கிராதியின் அந்த ஆணியும். தச்சர் அதை அடித்து இறக்க வந்தபோது, அப்படியே இருக்கட்டும் என்றேன்.

இதை வாசிக்கிற உங்களையும், உங்கள் இல்லத்தில் உறங்கி எழும் ஒவ்வொருவரையும், வராமல் தொலைவில் நிற்கும் உங்கள் பிள்ளைகளையும், முந்தி அன்புகூர்ந்தவர் முடிவுவரைக்கும் பிடித்துக்கொள்வாராக. உங்கள் கதவு சாத்தியிருக்கும் நாளிலும் உங்கள் பெயர் அவர் ஏட்டில் முதல் வரியில் இருப்பதாக. ஆமென்.