அம்மா யாரைச் சார்ந்திருக்கிறாள்

2025 ஏப்ரல் பதினைந்து, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல ஐந்தரை மணிக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன். அம்மாவின் மாத்திரைகளைக் காலை, மதியம், இரவு என்று டப்பாவில் பிரித்து வைத்தேன். முந்தைய நாள் புத்தாண்டுக்குச் செய்த மாங்காய்ப் பச்சடி மீதமிருந்தது. அதைச் சப்பாத்தியோடு கட்டிக்கொண்டு கணவர் ஆகுர்டி ஃபேக்டரிக்கு முதல் ஷிஃப்டுக்குப் போனார். நான் நாங்கள் குடியிருக்கும் சாங்வியில் பஸ் ஏறி கட்கிக்கு வந்தேன். அங்கே ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன்.

பதினொரு மணி சுமாருக்கு மருத்துவ அட்டைப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். அம்மாவின் பெயரை என் அட்டையில் சேர்க்க மார்ச் கடைசியில் விண்ணப்பம் கொடுத்திருந்தேன். அட்டை தயாராகிவிட்டது என்றே நினைத்துப் போனேன்.

அம்மாவின் இதயத்தில் ஒரு வால்வை மாற்ற வேண்டும். தள்ளிப்போடாதீர்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வெளியே கேட்டுப் பார்த்த காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்கெனவே நோய் இருப்பவரை எடுக்கத் தயங்கின. எடுப்பதாகச் சொன்ன ஒன்று, இதய நோய்க்கு மட்டும் சில வருடங்கள் காத்திருக்கச் சொன்னது. தம்பி சென்னையில் நல்ல கம்பெனியில் இருக்கிறான். ஆனால் அங்கே பெற்றோர், அல்லது மாமனார் மாமியார், இரண்டில் ஒரு ஜோடியைத்தான் காப்பீட்டில் சேர்க்க முடியும். அவன் மாமனார் மாமியாரைச் சேர்த்திருக்கிறான். எனவே என் அலுவலகத் திட்டம் ஒன்றுதான் மிச்சம். அதற்கு அம்மா என்னோடு குடியிருக்க வேண்டும், என் வருமானத்தில் வாழ வேண்டும். அப்பா போன பிறகு ஆம்பூரிலிருந்து வந்தவள் மூன்று வருடமாக அப்படித்தான் வாழ்கிறாள்.

அட்டைப் பிரிவுப் பெண் மராத்தி பேசும் சதாராக்காரி, என்னைவிட இளையவள். நாற்காலியை இழுத்துப் போட்டு, இந்தியில் மெதுவாக ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமை விசாரணைக்காக வீட்டுக்குப் போன் செய்தாளாம். உங்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டாளாம்.

“‘மேரா பேட்டா ஹை. சப் வஹி தேக்தா ஹை’ன்னாங்க மேடம், உங்க ஆயி.”

மகன் இருக்கிறான், எல்லாம் அவன்தான் பார்க்கிறான்.

“என்னோட இருக்கறதைச் சொல்லலையா?”

“சும்மா பாத்துட்டுப் போக வந்திருக்காங்களாம்.”

“மூணு வருஷமாவா?”

“அதை நான் கேக்கல மேடம்,” என்று சிரித்தாள். பிறகு குரலைத் தணித்தாள். “நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. அதிகாரி முன்னாடி அவங்க வாயால சொல்லட்டும். மகன்கிட்ட ஒண்ணும் வாங்கறதில்லைன்னும் சொல்லணும். அந்தப் பையன் வருமான வரியில எங்கேயாவது ஆயியைக் காட்டறாரா? அது வேற வந்து நிக்கப் போகுது.”

காட்டுகிறான். எனக்குத் தெரியும். போன வருடம் முழுக்க அம்மாவின் மருந்து பில்களைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பியது நான்தான். “அவன் கணக்குல இருக்கட்டும். புள்ள செஞ்சதா இருக்கட்டும்” என்று அம்மா கேட்டுக்கொண்டாள். வரிச் சலுகைக்காக அவன் அவற்றைத் தன் செலவாகக் கம்பெனியில் கொடுத்தான். அத்தனைக்கும் பணம் கட்டியது நான். அதிகாரியின் கேள்விக்கு நான் பதில் சொன்னால், அது என் தம்பியைக் காட்டிக்கொடுக்கும் பதிலாகத்தான் இருக்கும்.

மாலையில் அம்மா டிவி முன்னால் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றியதும் கேட்டேன்.

“ஆமா, சொன்னேன்,” என்றாள். “முன்ன பின்ன தெரியாதவகிட்ட, பொண்ணு வூட்டுல துன்னுக்கினு இருக்கேன்னு சொல்லச் சொல்றியா?”

“அவதாம்மா உனக்கு அட்டை குடுக்கறவ.”

“நான் அங்க வந்து சொன்னா, புள்ள ஒண்ணும் குடுக்கலைன்னு ஆவும்ல?”

“ஆகும். அதானே உண்மை.”

“உண்மைன்னா ஆபீசுல வெச்சி சொல்லணுமா?”

பூண்டுத் தோலைக் கூட்டி அள்ளினேன்.

“ஆபரேசனும் வேணாம், ஒண்ணும் வேணாம்,” என்றாள். “மூச்சு வாங்குது, அவ்ளோதான? மெல்ல நடந்துக்கறேன்.”

அதற்குள் குளித்துவிட்டு வந்த கணவர், விஷயம் புரிந்து, பேச்சை லேசாக்கப் பார்த்தார். “அத்தே, மூணு வருஷமா விருந்தாளியா இருக்கீங்க. தோசை வேகலைன்னு தெனமும் சண்டை போடற விருந்தாளியை நான் இங்கதான் பாக்கறேன்.”

“உங்க பொண்டாட்டி சுட்டா அது தோசையா மாப்ள? அப்பளம்!” என்று அம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. மூச்சு ஏறவில்லை. ஒரு கை சோபாவைப் பற்றியது, மறு கை நெஞ்சில் இருந்தது. உரித்த பூண்டெல்லாம் தரையில் உருண்டது. நான் டிவியை அணைத்தேன். இரைப்பு அடங்கும்வரை மூவரும் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

அடங்கிய பிறகும் அம்மா வருவதாகச் சொல்லவில்லை. சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். நான் நாளைய விடுப்புக்கு எழுதுவதா வேண்டாமா என்று தெரியாமல் சமையலறையைத் துடைத்தேன். அவளுடைய மானத்தைக் கெடுத்துத்தான் அவளுடைய இதயத்தைச் சரிசெய்ய வேண்டுமா என்று நினைத்தபோது கோபம் தம்பி மேல் வந்தது, பிறகு அம்மா மேல் வந்தது.

புதன்கிழமை காலை பால் அடுப்பில் ஏறவில்லை. நான் எழுந்து வந்தபோதே அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் போன்.

“தம்பிக்குப் போட்டுக் குடு,” என்றாள்.

போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அவள் முகத்தருகே பிடித்துக்கொண்டேன். தூக்கக் குரலில் எடுத்தான்.

“கேளு. இன்னிக்கு அக்கா ஆபீசுக்குப் போறேன். பொண்ணுதான் பாத்துக்கறா, புள்ளகிட்ட ஒண்ணும் வாங்கறதில்லன்னு அங்க சொல்லப் போறேன். உன் வரியிலயும் என் பேரை எடுத்துடு. கோச்சிக்காத சாமி.”

அந்தப் பக்கம் ஒரு ஃபேன் ஓடுவது மட்டும் கேட்டது.

“அக்கா பக்கத்துல இருக்காளா?” என்றான்.

போனைப் பிடித்திருந்த என் கையை அம்மா பார்த்தாள்.

“இல்ல,” என்றாள். “தூங்கறா.”