மண்மேட்டுக்குப் பயந்த விளையாட்டு சேர்

இலங்கையில், தெஹியோவிட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் விஞ்ஞானம் படிப்பித்த காலத்தில் அவர் அங்கே விளையாட்டு ஆசிரியர்; எல்லோருக்கும் ‘விளையாட்டு சேர்’. நல்ல உயரம், கழுத்தில் எப்போதும் விசில். மழை தூறினால் போதும், விசிலைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி என் வகுப்பறைக்குப் பின்னால் செங்குத்தாக நின்ற மண்மேட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

எங்கள் பிள்ளைகள் மாகாணக் கரப்பந்தாட்டப் போட்டியில் வென்ற வருடம் பாடசாலைக்குக் கொஞ்சம் பணம் கிடைத்தது. மைதானத்தைப் பெரிதாக்குவோம் என்றார்கள் கூட்டத்துக்கு வந்த பெற்றோர்கள். மறுத்துப் பேச அவர் ஒருவர்தான் எழுந்தார்.

“மைதானம் இப்ப வேணாங்க. டீச்சரோட வகுப்புக்குப் பின்னாடி மேடு சரியாம அணை கட்டுங்க. எனக்குப் பயமா இருக்கு.”

“விளையாட்டு சேரே பயந்தா எப்படி?” என்று பாடசாலை அதிபர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பணம் மைதானத்துக்கே போனது.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள், வகுப்பில் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது அவர் விசில் ஊதியபடி உள்ளே ஓடிவந்தார்.

“மேட்டுல வெடிப்பு விழுந்திருச்சு! புள்ளைங்கள கூட்டிக்கிட்டு வெளிய ஓடுங்க டீச்சர்!”

நான் முன்வரிசைப் பிள்ளைகளை எழுப்பினேன். அவர்தான் கடைசி மேசைவரை போய்ப் பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நாங்கள் மைதானத்தை எட்டியபோது பின்சுவர் மண்ணோடு உள்ளே சரிந்தது. பிள்ளைகள் எல்லோரும் வெளியே இருந்தார்கள்.

அவர் பிள்ளைகளை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். “இன்னும் பயமா இருக்குங்க டீச்சர்” என்றார்.

அவ்வளவு பயந்த மனிதர் அந்த அறைக்குள் எப்படி ஓடிவந்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.