ஓல்மனுக்குக் கடைசி இடம் வாங்கித் தந்த லார்னா

லார்னா டெஸ்கிக்குக் கூடைப்பந்து பிடிக்காது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் எங்கள் சின்னக் கல்லூரியின் விளையாட்டு அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக இருக்கிறார்; ஒரு ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. பந்து தரையில் மோதும் சத்தத்தில் தலைவலி வருமாம். ஆனால் ஏழு பயிற்சியாளர்களைப் பார்த்துவிட்டார். ஏழாவது ஆளான ஓல்மனை மட்டும் அவருக்குப் பிடித்தது. காபி குடித்த கோப்பையைத் தானே கழுவி வைத்த முதல் பயிற்சியாளர் அவர்தான்.

அந்த ஓல்மனின் வேலைக்குத்தான் ஆபத்து வந்தது. எங்கள் லீக்கில் எட்டுக் கல்லூரிகள். ஒவ்வொரு அக்டோபரிலும் பயிற்சியாளர்கள் ஓட்டுப் போட்டு, எந்த அணி எந்த இடத்தில் முடியும் என்று கணிப்பார்கள். சொந்த அணிக்கு ஓட்டுப் போடக் கூடாது. ஆக, நம் தலையெழுத்தை எழுதுவது நம்மைத் தோற்கடிக்கத் துடிக்கும் ஏழு பேர். போதாததற்கு, எங்கள் விளையாட்டு இயக்குநர் ஓல்மனின் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: கணித்த இடத்துக்குக் கீழே முடித்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இது ஆற்றுக்கு அக்கரைக் கல்லூரியின் பயிற்சியாளர் பிரெண்டிஸின் காதுக்கு எட்டியது. ஓல்மன் வெளிறிய முகத்தோடு லார்னாவின் மேசைக்கு வந்தார்.

"பிரெண்டிஸ் எல்லா கோச்சுக்கும் போன் போடுறானாம். என்னை முதல் இடத்துல போடணுமாம்."

"நல்லதுதானே, கோச்?"

"நம்ம உயரமான பையனுக்கு முட்டி போச்சு. மத்தவனுங்க எறிஞ்சா பந்து கூடைகிட்டப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வருது. நாம எங்க முதல்ல வர்றது?"

"நீங்க போய்க் கோப்பையக் கழுவுங்க. நான் பாத்துக்கறேன்."

ஓல்மன் தன் வாக்குச்சீட்டை லார்னாவிடம் கொடுத்து நிரப்பச் சொல்வார். தான் ஒருவன்தான் சோம்பேறி என்று அவர் நினைத்திருந்தார். உண்மையில் எட்டுக் கல்லூரியிலும் அலுவலகப் பெண்கள்தான் நிரப்புகிறார்கள். பயிற்சியாளர்கள் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள்.

அந்தப் பெண்கள் எல்லோரும் கேட்பது பிரெண்டிஸின் அலுவலகத்தில் இருக்கும் பெர்னடீனின் பேச்சை. ஆறு வருடத்துக்கு முன் லீக் விருந்துக்கு அவர் கொண்டுவந்த கேசரோலை, அதாவது பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட உருளைக்கிழங்குப் பதார்த்தத்தை, லார்னா "காஞ்சுபோச்சு" என்றார். அதோடு இருவருக்கும் பேச்சில்லை.

லார்னா போன் செய்தார்.

"ஆறு வருஷம் கழிச்சு வாய் தொறந்துச்சாக்கும்," என்றார் பெர்னடீன்.

"எங்களக் கடைசில போடணும்டி."

"என் கேசரோல் எப்படி இருந்துச்சு?"

லார்னா கண்ணை மூடிக்கொண்டார். "பதமா இருந்துச்சு."

"மார்ச் விருந்துல ரெண்டு தட்டு சாப்பிடணும். எல்லாரும் பாக்க."

"ரெண்டா?" என்று இழுத்தார் லார்னா. "சரி."

கணிப்பு வந்தது. எங்களுக்கு எட்டாவது இடம். தன் சீட்டிலும் அப்படித்தான் இருந்தது என்று தெரியாத பிரெண்டிஸ், மற்ற ஆறு பேரையும் துரோகிகள் என்று திட்டினார். எட்டுக்குக் கீழே விழ இடமில்லை என்பதால், ஓல்மன் அன்று கோப்பையை இரண்டு முறை கழுவினார்.

ஆட்டக்காரர்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அவர்கள் அந்தப் பட்டியலை உடைமாற்றும் அறையில் ஒட்டி, ரோஷத்தில் ஆடி, மூன்றாவதாக முடித்தார்கள். லார்னா இரண்டு தட்டையும் சாப்பிட்டார்; கூடவே நான்கு தம்ளர் தண்ணீர். ஏப்ரலில், கடைசி அணியை மூன்றாவதாக்கிய மேதை என்று ஒரு பெரிய பல்கலைக்கழகம் ஓல்மனைத் தூக்கிக்கொண்டு போனது.

எட்டாவது பயிற்சியாளர் அதே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். குடித்த கோப்பையை லார்னாவின் மேசையிலேயே வைத்தார், உள்ளே துப்பிய புகையிலையோடு.

அக்டோபரில் லார்னா மறுபடி போனை எடுத்தார்.

"இந்த வருஷம் எங்கள முதல்ல போடு, பெர்னடீன்."

"மூணு தட்டு."

"நாலு சாப்பிடறேன்."