தூணில் கடைசிப் பெயர்

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே குழாய் வெட்டும் லேசர் பட்டறை ஒன்று இருக்கிறது. அங்கே எட்டு வருஷமாகக் கம்ப்யூட்டரில் வரைபவள் சரிதா. சைலன்சர் குழாயோ வேறெதுவோ, முதலில் தட்டையாக வரைவாள். பிறகு ஒரு கட்டளை கொடுத்தால், ஊறுகாய் பாட்டிலில் லேபிள் ஒட்டுவது போல, வரைந்தது குழாயைச் சுற்றிக்கொள்ளும். எத்தனை தரம் பார்த்தாலும் அந்த நொடி அவளுக்கு அலுக்காது. அப்படிச் சுற்றவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் டிபன் பாக்ஸைத் திறப்பாள்.

வேலையில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டில்தான் ஒன்று இருந்தது. கணவன் சண்முகவேலுக்கும் அவன் அண்ணன் மாதேஸ்வரனுக்கும் நான்கு வருஷமாகப் பேச்சில்லை. அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகையில் தம்பி பெயரைக் கீழே தள்ளிவிட்டார்களாம். பெரிய ராஜ்யம் பறிபோன மாதிரி ஆண்கள் முறைத்துக்கொள்ள, மாதேஸ்வரனின் மனைவி மஞ்சுளாவும் சரிதாவும் திருட்டுத்தனமாகப் பேச வேண்டியதாயிற்று. ஒருத்திக்கு ஒருத்தி உயிர். உழவர் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும் சாக்கில் கால் மணி நேரம் கிடைத்தால் அதுவே பெரிது.

இந்த மாசித் திருவிழாவுக்காக, எருமப்பட்டிப் பக்கம் இருக்கும் குலதெய்வக் கோயிலுக்குப் பங்காளிகள் எட்டுப் பேரும் சேர்ந்து எவர்சில்வர் விளக்குத் தூண் செய்து வைப்பதென்று முடிவானது. நெஞ்சு உயரத்தில் எட்டுப் பெயர்களையும் துளையாக வெட்டி, உள்ளே பல்பு எரிய வேண்டும். வரைவது சரிதா. வயதில் மூத்தவர் மாதேஸ்வரன் என்பதால் அவர் பெயர் முதலில்.

"எம் பேரு கடைசியா இருந்தாலும் பரவால்ல. அவரு பேருக்குப் பக்கத்துல மட்டும் வரக்கூடாது. வந்துச்சுன்னா நா கோயில் பக்கமே வரமாட்டேன்," என்றான் சண்முகவேல்.

கடைசி இடம் கேட்டு அடம்பிடித்த ஒரே ஆள் அவனாகத்தான் இருக்கும்.

நீளமான பட்டையாக வரைந்தாள். இடது ஓரத்தில் அண்ணன், வலது ஓரத்தில் தம்பி, நடுவே ஆறு பேர். வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் எட்டுக் கட்டைவிரல்களும் வந்து விழுந்தன.

மறுநாள் பட்டறையில் அதைக் கம்ப்யூட்டரில் குழாயின் மேல் சுற்றவிட்டுப் பார்த்தாள். பட்டை வளைந்து, ஓரங்கள் இரண்டும் சேர்ந்தன. சண்முகவேல் முடிந்த இடத்தில் மாதேஸ்வரன் தொடங்கினார். எட்டு வருஷம் இதே வேலை செய்தவளுக்கு இது முன்னமே தோன்றவில்லை. சிரிப்பு வந்தது, கூடவே பயமும். சண்முகவேல் எல்லார் முன்னாலும் கோபித்துக்கொண்டு போய்விட்டால், இனி அண்ணன் வீட்டுப் படி மிதிக்கவே முடியாது. கணவன் பெயரை நடுவில் இழுத்துப் போட ஒரு நிமிஷம் போதும். மௌஸில் கை வைத்தாள். மஞ்சுளாவின் முகம் நினைவுக்கு வந்தது.

"ஏம்மா, பாத்து ஓக்கே பண்ணிட்டாங்களா?" என்று கேட்டார் முதலாளி சந்திரசேகர்.

"எல்லாருமே பண்ணிட்டாங்கண்ணா," என்று மெஷினுக்கு அனுப்பிவிட்டாள்.

அதற்கப்புறம் திருவிழா வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

திருவிழா அன்று பொழுது சாய்கிற நேரத்தில் தூணில் விளக்கைப் போட்டார்கள். அவரவர் பெயரைத் தேடி எல்லாரும் தூணைச் சுற்றினார்கள். சண்முகவேல் இந்தப் பக்கமாகச் சுற்றி வந்தான், மாதேஸ்வரன் அந்தப் பக்கமாக. தன் பெயரைப் படிக்க இருவரும் ஒரே இடத்தில்தான் நிற்க வேண்டியிருந்தது. தோளோடு தோள் இடித்தது.

மாதேஸ்வரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். தன் பெயரை அல்ல.

"உம்பேரு நல்லா வந்திருக்குது, வேலு."

சண்முகவேல் தூணையே பார்த்துக்கொண்டு நின்றான். "சரிதாதான் வரைஞ்சாங்ண்ணா," என்றான்.

மஞ்சுளா வந்து சரிதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள், எல்லாரும் பார்க்கவே.

திரும்பும்போது வண்டியில் சண்முகவேல் கேட்டான், "தெரிஞ்சேதான் வெச்சியா?"

"நீங்க சொன்னாப்ல கடைசியாத்தானுங்க வெச்சேன்."